தாமான் சாலையில் வேகத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

பினாங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. பாயான் பாருவை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு. பெரிய சாலை நெரிசலாக இருக்கிறது என்று தொழிற்பேட்டைக்குப் போகிற மோட்டார்களும் கார்களும் தாமானுக்குள் புகுந்து பறக்கின்றன. இரவில் எக்சோஸ்ட் சத்தத்தில் பிள்ளைகளால் தூங்க முடியவில்லை. ஊராட்சி மன்றத்துக்கு எழுதினால் "கவனத்தில் கொள்கிறோம்" என்று ஒரு வரி பதில் வருகிறது. வேக வரம்பை மணிக்கு 30 கிலோமீட்டர் ஆக்கச் சொல்லி யாரிடம் போவது? அதுவரை நாங்களே ஒரு வேகத்தடை போட்டுக்கொண்டால் என்ன?

நான் சாலைப் பொறியியல் துறையில் இருப்பவன். என் வீடு இருக்கும் தாமானின் குடியிருப்பாளர் சங்கத்திலும் இருப்பதால், மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சொந்தமாக வேகத்தடை போடாதீர்கள். சிமெண்டைக் குழைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மேடு எழுப்பிவிடுவது நம் தாமான்களில் புதிதில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலேசியச் சாலைகளில் உயிர் விடுகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். வெள்ளைக் கோடு இல்லாத, விளக்கு வெளிச்சம் படாத, செங்குத்தாக எழும்பி நிற்கும் மேட்டில் முதலில் விழுவது, இரவு ஷிப்ட் முடித்து மழையில் வீடு திரும்பும் ஒரு பையனாகத்தான் இருக்கும். நீங்கள் யாரைத் தடுக்க நினைத்தீர்களோ அந்தக் கார்க்காரருக்கு அடிபடாது. பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் கட்டியதை மன்றம் உடைத்து எடுக்கலாம். விபத்து நடந்தால் கட்டியவர்கள் மீது வழக்கும் வரலாம். அதற்குப் பிறகு உங்கள் சங்கம் எந்த மனு கொடுத்தாலும் "அந்தத் தாமான்காரர்களா?" என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, வேக வரம்புக்கு வருவோம். மலேசியாவில் வேக வரம்பு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் கீழ் வருகிறது. 1989இல் வந்த தேசிய வேக வரம்பு உத்தரவின்படி நெடுஞ்சாலையில் 110, கூட்டரசு, மாநிலச் சாலைகளில் 90, நகரப் பகுதிகளில் 60 என்பது பொதுக் கணக்கு. பள்ளி வட்டாரங்களில் 30 என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். குடியிருப்பாளர்கள் தாங்களே அச்சடித்து நட்டுவைக்கிற "30" பலகைக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அதைக் காட்டிப் போலீஸ் யாருக்கும் சம்மன் கொடுக்க முடியாது.

முறையாக அங்கீகரிக்கப்பட்ட பலகையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஓட்டுகிறவரின் கால் பலகையைவிடச் சாலையைத்தான் நம்புகிறது. நம் தாமான்களில் 40 அடி, 50 அடி, 66 அடி என்று சாலைக்கு நிலம் ஒதுக்குவார்கள். 66 அடிச் சாலை நேராக, வழுவழுப்பாக, இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தால், பலகையில் 30 என்று போட்டிருந்தாலும் கால் தானாக அழுத்தும். உங்கள் சாலையையே ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். எல்லா வீட்டு வாசலிலும் கார் நிற்கும் மாலை நேரத்தில் வண்டிகள் மெல்ல வரும். எல்லோரும் வேலைக்குப் போய் இரண்டு ஓரமும் காலியாகிவிட்ட பகல் பதினொரு மணிக்கு, ஆள் குறைவு, வண்டி குறைவு, ஆனால் வேகம் அதிகம். பலகை எதுவும் மாறவில்லை. சாலையின் அகலம்தான் கண்ணுக்கு மாறிவிட்டது.

அதனால் "30 வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். "30க்கு மேல் ஓட்டத் தோன்றாத சாலை வேண்டும்" என்று கேளுங்கள். உங்கள் இயக்கத்தின் முதுகெலும்பே இந்தக் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் 30, ஏன் 40 இல்லை என்று கேட்பார்கள். ஒருவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலை, நல்ல டயர். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வந்த கார் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது கார் இன்னும் பிரேக்கைத் தொடவேயில்லை. பந்தின் பின்னால் ஓடிவந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றால், அதே 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 50இல் படுகிற அடி 30இல் படுவதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. மழையென்றால் இன்னும் மோசம். பினாங்கில் மழைக்குப் பஞ்சமா?

இது நாம் இங்கே கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. 2020 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்பு பற்றிய ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வாகனங்களோடு கலக்கிற இடங்களில் 30 என்ற வரம்பைக் கோரியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஐ.நா. பொதுச் சபை அந்தப் பிரகடனத்தை ஏற்றது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992இலேயே பெரிய சாலைகள் தவிர மற்ற தெருக்களுக்கெல்லாம் 30 என்று ஆக்கிவிட்டது. ஸ்பெயினில் ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள நகரச் சாலைகளுக்கு 2021 மே முதல் 30தான். வேகத்தோடு சாலைகளின் அமைப்பையும் சேர்த்து மாற்றிவந்த ஹெல்சிங்கியில் 2019ஆம் ஆண்டு முழுக்க நடந்து போனவர் ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை. நம் நாட்டில் 2016இல் 7,152 பேர், 2023இல் 6,443 பேர் சாலையில் இறந்தார்கள். சாலை மரணங்களை 2030க்குள் பாதியாக்குவது மலேசிய அரசே ஏற்றுக்கொண்ட இலக்கு. மனுவில் இதை ஒரு வரியாகச் சேருங்கள். நீங்கள் அரசோடு சண்டை போடவில்லை, அரசு சொன்னதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்பது அதில் தெரியும்.

அடுத்து, அளப்பது. பெரும்பாலான சங்கங்கள் தோற்கிற இடம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"வண்டிகள் பறக்கின்றன, ஆபத்து" என்று வருகிற கடிதங்கள் ஒவ்வொரு மன்றத்திலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். எண்ணோடு வருகிற கடிதம் அபூர்வம். எண் எடுக்க ரேடார் துப்பாக்கி எதுவும் தேவையில்லை. சாலையில் நேராக இருக்கிற ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அளவு நாடாவால் 50 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். இரண்டு முனைக்கும் ஏற்கெனவே இருக்கிற எதையாவது அடையாளமாக வையுங்கள். ஒரு பக்கம் விளக்குக் கம்பம், மறுபக்கம் யாராவது ஒருவர் வீட்டு கேட். வண்டியின் முன் சக்கரம் முதல் அடையாளத்தைத் தாண்டும்போது ஒருவர் சைகை காட்ட, இரண்டாவது முனையில் இருப்பவர் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சக்கரம் தன்னைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். 180ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 6 விநாடி என்றால் 30. 4.5 என்றால் 40. 3.6 என்றால் 50. 3 என்றால் 60. கை தாமதத்தால் 50இல் மூன்று கிலோமீட்டர் முன்பின் ஆகலாம். அதைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு அடையாளமும் தெரிகிற மாடி ஜன்னலிலிருந்து வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலையோரம் நிற்காதீர்கள். ஆளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார்கள், கணக்கு கெட்டுவிடும். கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்காருங்கள். மோட்டாரையும் காரையும் லோரியையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பள்ளி விடும் நேரம், ஷிப்ட் மாறும் நேரம், இரவு பத்துக்கு மேல் என்று வெவ்வேறு வேளைகளில் எடுங்கள். வண்டி எண்களைக் குழுவில் போட்டு யாரையும் அவமானப்படுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் பேச்சு சாலையை விட்டு ஆள் பக்கம் திரும்பிவிடும். அந்த ஆள் பெரும்பாலும் இரண்டு லோரோங் (குறுக்குத்தெரு) தள்ளி இருப்பவராகவே இருப்பார். வேகமாகப் போகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தவர்கள், பாதிப் பேர் நம் தாமான்காரர்கள் என்று கண்டு வாயடைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

நூறு வண்டிகளின் வேகம் கையில் இருந்தால் அவற்றைக் குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசைப்படுத்துங்கள். 85ஆவது இடத்தில் இருக்கும் வேகத்தைத்தான் பொறியாளர்கள் முதலில் பார்ப்பார்கள். நூற்றுக்கு 85 பேர் அந்த வேகத்திலோ அதற்குக் கீழோ போகிறார்கள் என்று பொருள். இதில் ஒரு பொறி இருக்கிறது. வேக வரம்பை இந்த 85ஆவது வேகத்தை ஒட்டி வைப்பதுதான் சாலைப் பொறியியலின் பழைய வழக்கம். நீங்கள் அளந்ததில் 52 வந்தது, நீங்களோ 30 பலகை மட்டும் கேட்டீர்கள் என்றால், "மக்கள் இயல்பாகவே 52இல் போகிறார்கள், 30 நடைமுறைக்கு ஒத்துவராது" என்று உங்கள் கணக்கை வைத்தே உங்களுக்குப் பதில் எழுதிவிட முடியும். அதே 52ஐக் காட்டி, "பிள்ளைகள் நடக்கிற சாலையில் இந்த வடிவமைப்பு 52இல் ஓட்ட விடுகிறது, வடிவமைப்பை மாற்றுங்கள்" என்று கேட்டால் அந்த எண் உங்களுக்கு ஆதாரமாகிவிடும்.

விபத்துக் கணக்கும் இப்படித்தான். "இந்தச் சாலையில் பதிவான விபத்து இல்லை" என்ற பதில் அடிக்கடி வரும். தாமானுக்குள் மோட்டார் சறுக்கி முட்டி கிழிந்தால் யார் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார்கள்? விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், சின்ன அடிக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பதிவில் சுழியம்தான் நிற்கும். இனிமேல் நடப்பதையாவது புகார் செய்யச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். பழையவற்றுக்குத் தேதி, இடம், என்ன நடந்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பெயர்கள் வேண்டாம்.

மனுவை எழுதும் முன், சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பினாங்கில் இது சிக்கலான விஷயம். தீவில் ஜாலான் மஸ்ஜித் நெகிரி, நாம் இன்னும் கிரீன் லேன் என்று சொல்கிற சாலை, கூட்டரசுச் சாலை; அதில் ஒரு கோடு போடவும் பொதுப்பணித் துறையின் சம்மதம் வேண்டும். மாநிலச் சாலைகள் வேறு. தாமான் உள்சாலைகள் பெரும்பாலும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், அக்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றம். மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காத சாலை என்றால் மன்றம் கைவைக்கத் தயங்கும். அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கிற சாலை நிர்வாகக் கழகத்துடையது. அங்கே முடிவு உங்கள் பொதுக்கூட்டத்திலேயே எடுத்துவிடலாம். தவறான கதவைத் தட்டியதால் மட்டுமே ஆண்டுக்கணக்கில் தூங்கிய மனுக்கள் உண்டு. மன்றத்தின் பொறியியல் பிரிவில் சாலைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இனி, என்ன கேட்பது.

வேகத்தடைதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். சரியாகப் போட்டால் அது நன்றாகவே வேலை செய்யும். "சரியாக" என்றால், வண்டி போகிற திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 7.5 முதல் 10 சென்டிமீட்டர் உயரம், ஏறி இறங்குவது வளைவாக. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே பளிச்சென்ற கோடுகள், பக்கத்தில் தெருவிளக்கு. கார் நிறுத்துமிடங்களில் ஆணி அடித்து வைக்கிற குறுகலான ரப்பர் தடை தெருவுக்கு ஏற்றதில்லை. அதில் மெல்லப் போகிறவருக்கு முதுகு வலிக்கும், வேகமாகப் போகிறவர் சஸ்பென்ஷனில் தாண்டிவிடுவார். ஒரே ஒரு வேகத்தடை கேட்பதும் வீண். அதைத் தாண்டியதும் இழந்த நேரத்தைப் பிடிக்க முறுக்குவார்கள், வேகமும் சத்தமும் கூடும். அறுபது முதல் நூறு மீட்டர் இடைவெளியில் தொடராக இருந்தால்தான் வேகம் ஒரே சீராகக் குறையும்.

பள்ளி, கோயில், சூராவ் (சிறு தொழுகைக்கூடம்), கடைவரிசை முன்னால் மேல்பக்கம் தட்டையான, அகலமான மேடாகக் கேளுங்கள். அதன் மேலேயே வரிக்குதிரைக் கோடு போட்டால் நடப்பவர் நடைபாதை உயரத்திலேயே சாலையைக் கடக்கலாம். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் அது பெரிய உதவி.

எனக்கு வேகத்தடையைவிடப் பிடித்தது மூலைகளைச் சுருக்குவது. தாமான் நுழைவாயிலில் சாலை அகலமாக வளைந்தால் பிரதான சாலையின் வேகத்தோடேயே உள்ளே திரும்பிவிடுவார்கள். அந்த வளைவை இறுக்கினால் நின்று திரும்பித்தான் ஆக வேண்டும். உள்ளே வருகிற முதல் விநாடியிலேயே "இது வேறு மாதிரி இடம்" என்று ஓட்டுகிறவருக்குப் புரிந்துவிடும். ஓரத்தில் மரம் வைப்பது, நிறுத்துமிடங்களை ஒரு பக்கம் கொஞ்ச தூரம், மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டுச் சாலையை நெளியவிடுவது, நான்கு தெரு சந்திப்பில் சின்ன வட்டம், இவையும் நல்ல வழிகள். இவற்றில் சில வெறும் பெயிண்ட் வேலைதான்.

குறுக்குவழிப் போக்குவரத்தையே நிறுத்த ஒரு முனையை மூடச் சொல்லலாம். ஆனால் வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் பாயும். உங்கள் தெருவை மட்டும் மூடினால் அடுத்த தாமான்காரர்கள் உங்களுக்கு எதிராக மனு கொடுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். அவர்களையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டு, வட்டாரம் முழுவதற்கும் ஒரு திட்டமாகக் கேளுங்கள். காவல் சாவடி போட்டுத் தடுப்புக் கம்பம் வைப்பதும் இதே கதைதான். அதற்கும் மன்ற அனுமதி வேண்டும், பொதுச் சாலை பொதுச் சாலையாகவேதான் இருக்கும்.

சத்தத்தைப் பற்றி. நீங்கள் கேட்டதில் இரண்டு வேறு சத்தங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, நாள் முழுக்க இருக்கும் இரைச்சல். கார்களைப் பொறுத்தவரை 30, 40ஐத் தாண்டினால் எஞ்சினைவிட டயர் தேய்கிற சத்தம்தான் பெரிது. வேகம் குறைந்தால் இந்த இரைச்சலும் கூடவே குறையும். உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, சாலை இரைச்சல் இரவில் சராசரி 45 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கைப்பேசிச் செயலியால் அளந்தால் தோராயம்தான், இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரு எச்சரிக்கை: வேகத்தைக் குறைக்க என்று சாலையில் குறுக்காகத் தடிமனான மஞ்சள் பட்டைகள் போட்டுத் தர மன்றம் முன்வரலாம். வீடுகளுக்குப் பக்கத்தில் அதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு வண்டியும் அதன் மேல் ஏறும்போது தடதடவென்று அடிக்கும், விடிய விடிய. லோரி போகிற சாலையில் வீட்டு வாசலுக்கு நேராக வேகத்தடை வைத்தாலும் காலி லோரி குதிக்கிற சத்தம் ஆளை எழுப்பிவிடும்.

மற்றொன்று, மாற்றியமைத்த எக்சோஸ்ட். அது சாலை வடிவமைப்பால் தீராது. போலீஸும் சாலைப் போக்குவரத்துத் துறையும் நடத்துகிற சோதனைகளால்தான் தீரும். "இரவெல்லாம் சத்தம்" என்று புகார் கொடுத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று சில வாரங்கள் குறித்துக் கொடுங்கள். சாலைத் தடுப்பை எங்கே எப்போது போடுவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பையன்களைத் துரத்திப் பிடிக்கவோ வழிமறிக்கவோ யாரும் முயல வேண்டாம். துரத்தினால் அவர்கள் இன்னும் முறுக்குவார்கள், விழுவார்கள்.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நாட்டின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் 1951இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாகப் போயின. பினாங்கு மாநில அரசு மீண்டும் கொண்டுவர எடுத்த முயற்சியை 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே கவுன்சிலர் உங்கள் ஓட்டில் வந்தவர் இல்லை, மாநில அரசு நியமித்தவர். அவரால் மனுவை மேசைக்கு மேசை நகர்த்த முடியும், அதற்கு அவர் தேவை. உங்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர். அவரிடம் தொகுதி ஒதுக்கீடும் இருக்கும். இருவருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் கொடுங்கள், மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு மூலப் பிரதி. அடுத்த ஆண்டு வரவுசெலவை மன்றம் ஆண்டு முடியும் முன்பே தீர்மானித்துவிடும் என்பதால், டிசம்பரில் கொடுத்த மனு பெரும்பாலும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். ஆண்டின் முதல் பாதியில் கொடுங்கள்.

பினாங்கில் இன்னொரு வசதி உண்டு. இங்கே மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் மன்றம் எடுத்த போக்குவரத்துக் கணக்கு, பக்கத்தில் வரப்போகும் அடுக்குமாடித் திட்டத்துக்கான போக்குவரத்து ஆய்வு போன்றவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு. எல்லாம் கிடைத்துவிடும் என்று உறுதி தர முடியாது, ஆனால் கேட்கிறவர்கள் குறைவு என்பதால் கேட்டாலே கவனிப்பார்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சாலைப் பெயர், வரைபடம், அளந்த எண், இரண்டு படம், தெளிவான கோரிக்கை, சங்கத்தின் முத்திரை. அக்கம்பக்கத்தார் குழுவான ருக்குன் தெத்தாங்காவும் சேர்ந்து கையெழுத்திட்டால் பலம். இந்த விஷயத்தை நம் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். கோயில் நிர்வாகத்திடம் பேசுகிற அதே வாரத்தில் சூராவ் குழுவிடமும் கோப்பித்தியாம் (காப்பிக்கடை) முதலாளியிடமும் பேசுங்கள். மூன்று மொழிப் பெயர்களும் கலந்த கையெழுத்துப் பட்டியலை எந்த அதிகாரியும் சுலபத்தில் ஒதுக்கமாட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் சாலை எப்படி இருக்கும் என்பது சூராவ் குழுவுக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் உங்கள் திட்டத்துக்கும் வேண்டும்.

உண்மையான சண்டை மன்றத்தில் நடக்காது, உங்கள் தாமான் கூட்டத்தில்தான் நடக்கும். எங்கள் தாமானில் வேகத்தடை வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். "எந்த வீட்டு முன்னால்?" என்று வரைபடத்தை விரித்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. முனை வீட்டுப் பெரியவர் எழுந்து, "என் கேட்டுக்கு முன்னால் போட்டால் எல்லா வண்டியும் என் வாசலில்தான் பிரேக் அடிக்கும், என் மனைவி இதய நோயாளி, ஆம்புலன்ஸ் எப்படி வரும்?" என்று கேட்டார். அவரைச் சுயநலக்காரர் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர் கேட்டதில் ஒன்றும் தவறில்லை. மேட்டை இரண்டு வீட்டு எல்லைச் சுவருக்கு நேராக, எந்த கேட்டுக்கும் எதிரில் இல்லாமல் நகர்த்தினோம். உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் ஆம்புலன்ஸ் பெரிய குலுக்கல் இல்லாமல் போகும் என்று விளக்கினோம். கடைசியில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கூட வந்தவரே அவர்தான். எதிர்க்கிறவர் வாயால் வருகிற ஒவ்வொரு காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதி காரணங்கள் திட்டத்தைச் சீராக்கும்.

கூட்டத்தில் வருகிற இன்னொரு கேள்வி நேரம். "வேலைக்கு லேட்டாகும்" என்பார்கள். தாமானுக்குள் ஓட்டுகிற தூரம் அரை கிலோமீட்டர் என்றால், 50இல் 36 விநாடி, 30இல் 60 விநாடி. வித்தியாசம் 24 விநாடி. பெரிய சாலை விளக்கில் நிற்கிற நேரத்தில் இது கரைந்துவிடும். நிறுத்துமிடம் போய்விடுமோ என்ற பயம்தான் உண்மையில் பெரியது. வீட்டுக்கு இரண்டு மூன்று கார் வைத்திருக்கும் ஊர் இது. எத்தனை இடம் போகும், எத்தனை இடம் இருக்கும் என்று வரைபடத்தில் எண்ணிக் காட்டாமல் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

மன்றம் தயங்கினால் சோதனை முறையில் சில மாதங்களுக்குச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தடுப்புகள், பூந்தொட்டிகள், பெயிண்ட் போதும். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்பதால் அதிகாரிகளுக்கும் கையெழுத்துப் போடுவது எளிது, முனை வீட்டுப் பெரியவர்களுக்கும் பயம் குறையும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ஜாலான் கெபுன் பூங்காவில் கார் இல்லாமல் பாட்டியும் பேரனும் நடுச் சாலையில் நடந்து போவதைப் பினாங்கில் பார்க்காத ஆளில்லை. ஒரு சாலையை வேறு விதமாகவும் வைத்துக்கொள்ள முடியும் என்பது இந்த ஊர் மக்களுக்குப் புதிய செய்தி இல்லை. கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர்கள் முகம் மாறும்.

வேலை முடிந்த பிறகு இரண்டு மாதம் கழித்து, அதே விளக்குக் கம்பத்துக்கும் அதே கேட்டுக்கும் நடுவில் அதே நேரங்களில் மறுபடி அளந்துவிடுங்கள். பக்கத்து லோரோங்கிலும் அளங்கள். அங்கே வண்டி கூடியிருந்தால் அடுத்த மனு அந்த லோரோங்குக்காக, உங்கள் சங்கத்தின் கையெழுத்தோடு போக வேண்டும். கோடுகள் மங்கியிருக்கிறதா, மேட்டுக்குப் பக்கத்து விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். உங்கள் சாலை மாநிலச் சாலையா மன்றச் சாலையா என்று தெரிந்ததும் எழுதுங்கள், மனுவின் வாசகத்தை அதற்கேற்பச் சேர்ந்து எழுதலாம்.